பக்கம் 212

ஜூலை 1, திங்கள்

காலையில் கேஸ் சிலிண்டர் வந்தது. பதினோரு மணிக்கு ஸ்டுடியோவிலிருந்து புத்தகம் வந்தது. ‘ஆறாவது கட்டில்’, முந்நூற்று நான்கு பக்கம். ஒலிப்புத்தகமாக வரப்போகிறது. படிக்க வேண்டியது நான்.

ஷாஹீனா போனில் சொன்னாள்: “ஆடி பொறந்துட்டா நம்ம தெருவுல ஸ்பீக்கர் கட்டிடுவாங்க மேடம். அதுக்குள்ள முக்கால்வாசி முடிச்சிடணும்.” சாலிகிராமத்தில் மாடியில் இருக்கும் அந்தச் சின்ன ஸ்டுடியோவில் ஒலிப்பதிவும் அவள்தான், இயக்கமும் அவள்தான். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள். அவளோடு இது எனக்கு ஐந்தாவது புத்தகம். அதற்கு முன்னால் இருபது வருடம் டப்பிங்.

கதை இதுதான். ஆஸ்பத்திரியில் கிடக்கும் அம்மாவின் கட்டிலருகே ஒரு பெண் பத்தொன்பது நாள் உட்கார்ந்திருக்கிறாள். அவள் சொல்வதாகவே நாவல் முழுவதும் போகிறது. அவளுக்குச் சென்னையில் ஒரு அக்கா.

எழுதியவர் மங்கையர்க்கரசி, திண்டுக்கல். என் தங்கை.

ஷாஹீனாவுக்கு இது தெரியாது. படிக்கப்போவது நான் என்று மங்கைக்கும் தெரியாது. போன வாரம் முதல் இரண்டு பக்கத்தைப் படித்து மாதிரி அனுப்பினோம். கேட்டுவிட்டு, “இவங்களே படிக்கட்டும்” என்று சொல்லியிருக்கிறாள். அன்று எனக்கு லேசாக ஜலதோஷம். பெயரும் ‘புனிதா’ என்று மட்டும்தான் போயிருக்கும். ஊரில் எத்தனையோ புனிதாக்கள்.

நாங்கள் பேசி ஆறு வருடம் ஆகிறது. அம்மா இறந்த அன்று, சொந்தக்காரர்கள் எல்லோர் முன்னாலும் அவள் என்னை ஒரு வார்த்தை சொன்னாள். அதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

இவர் சாப்பிடும்போது கேட்டார்: “உனக்கு எதுக்கு புனிதா இது? வேற யாராவது படிக்கட்டுமே.”

யாரோ ஒருத்தி கண்டபடி படித்துவிடக் கூடாது என்றேன். அம்மா இருக்கிறாள் அதில்.

ஜூலை 3, புதன்

பென்சிலும் கையுமாக உட்கார்ந்தேன். மைக் முன்னால் போவதற்கு முன் புத்தகம் முழுவதையும் ஒருமுறை மனசுக்குள் படித்துவிட வேண்டும். எங்கே மூச்சு எடுப்பது, எந்த வாக்கியம் நீளம், யார் பேசுகிறார்கள் என்று குறித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பாத்திரத்துக்குக் கட்டைக் குரல் கொடுத்து இருநூறு பக்கம் ஓட்டியபின், ‘அவனுடைய கீச்சுக்குரலில்’ என்று எழுதியிருக்கும். திரும்பவும் முதலிலிருந்து படிக்க வேண்டும். எனக்கே இது நடந்திருக்கிறது.

சந்தேகமான சொற்களைத் தனித்தாளில் எழுத வேண்டும். ஆள் பெயர், ஊர்ப் பெயர், வீட்டுக்குள் மட்டும் புழங்கும் சொல். அந்தத் தாள் எழுத்தாளருக்குப் போகும். பதில் வந்த பிறகுதான் பதிவு.

பதினாறாவது அத்தியாயம் வரை முடித்தேன். மங்கை நன்றாக எழுதுகிறாள். மிச்சத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

வாஷிங் மெஷினில் மறுபடி தண்ணீர் ஒழுகுகிறது.

ஜூலை 4, வியாழன்

முதல் நாள். காட்டன் புடவை, வளையல் இல்லை, கடிகாரம் இல்லை. பதிவு ஓடும்போது ஏசியும் கிடையாது. அரை மணிக்கு ஒருமுறை வெளியே வந்து முகம் துடைத்துக்கொண்டு போக வேண்டும்.

பத்து நிமிடம் ஓடியிருக்கும். ஷாஹீனா நிறுத்தினாள்.

“மேடம், ரொம்ப அழகா இருக்கு. ஆனா எனக்குக் கதை ஏறல.”

“ஏன்?”

“ஒவ்வொரு வார்த்தையையும் தொடச்சு தொடச்சு வைக்கிறீங்க. எங்கம்மா டெய்லரிங் பண்ணிக்கிட்டே புக் கேப்பாங்க. நல்லா இருந்தா மெஷின் நின்னுடும். இப்ப நீங்க படிச்சதுக்கு ஒரு ஜாக்கெட்டே தச்சு முடிச்சிருப்பாங்க.”

சிரித்துவிட்டேன். நாலு புத்தகம் படித்தும் பழைய பழக்கம் போகவில்லை. டப்பிங்கில் எனக்கு ஒரு முகம் இருக்கும். அந்த உதட்டுக்குள் என் வார்த்தையை அடக்கினால் போதும். இங்கே முகம் கிடையாது. கேட்கிறவரின் காது மட்டும்தான், அதுவும் பக்கத்தில், ஒரு சாண் தூரத்தில். அவ்வளவு பக்கத்தில் இருப்பவரிடம் யாரும் மேடையில் பேசுவதுபோலப் பேசமாட்டார்கள்.

நான்காவது முறை சரியாக வந்தது. முதல் அத்தியாயம் முடிந்தது. நாள் முழுவதும் ‘நான்’ ‘நான்’ என்று படித்தேன். அந்த நான் மங்கை.

ஜூலை 5, வெள்ளி

பச்சை ஆப்பிள் இரண்டு வாங்க வேண்டும். நாக்கு ஒட்டுகிற சத்தம் மைக்கில் விழுகிறது; ஆப்பிளைக் கடித்தால் போகும்.

ஜூலை 8, திங்கள்

அம்மாவின் வசனங்கள் இன்று ஆரம்பித்தன. அம்மா பேசுவது எனக்குத் தெரியாதா? கடைசி எழுத்தை இழுப்பது, நடுவில் ஒரு ‘ம்க்கும்’, நர்ஸிடம் பேசும்போது மட்டும் வருகிற மரியாதைக் குரல். எல்லாவற்றையும் அப்படியே செய்தேன். ஷாஹீனா அந்தப் பக்கம் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு அழித்துவிட்டாள்.

“இது மிமிக்ரி மேடம். அஞ்சு நிமிஷம் கேக்க நல்லா இருக்கும். இது ஒம்பது மணி நேரம் ஓடப்போகுது. ஒரு சாயல் காட்டுங்க போதும். மிச்சத்தைக் கேக்குறவங்க அவங்கவங்க அம்மாவை வச்சு நிரப்பிக்குவாங்க.”

மதியம் ஓர் இடத்தில் நின்றுபோனேன். ‘அம்மாவின் குரல் அப்போது நூல் மாதிரி ஆகிவிட்டிருந்தது’ என்று எழுதியிருக்கிறாள். நூல் மாதிரி என்றால் மெலிந்தா, நடுங்கியா, அறுந்து அறுந்தா?

“உங்களுக்கு எப்படித் தோணுது?” என்று கேட்டாள் ஷாஹீனா.

தெரியவில்லை என்றேன். அது உண்மை. அம்மாவை அட்மிட் செய்த முதல் வாரம் நான் போய் இரண்டு நாள் இருந்தேன். அப்போது அம்மாவுக்கு நல்ல குரல் இருந்தது. அதன் பிறகு இருந்த குரலை நான் கேட்கவில்லை.

சந்தேகத் தாளில் எழுதிக் கொடுத்தேன்: ‘பக்கம் 61. அம்மாவின் குரல் எப்படி இருந்தது?’

ஜூலை 10, புதன்

பதில் வந்தது. எழுத்தில் வரும் என்று நினைத்தேன். வாட்ஸ்அப்பில் குரலாக அனுப்பியிருக்கிறாள். ஷாஹீனா தன் போனிலிருந்து ஸ்பீக்கரில் போட்டாள்.

“படிக்கிறவங்களுக்கு வணக்கம். அந்த எடத்துல அம்மாவுக்கு நடுக்கம்லாம் இல்ல. மூச்சு முதல்ல வந்துரும், வார்த்தை கொஞ்சம் கழிச்சுத்தான் வரும். நாம மூச்சக் கேட்டுட்டு, என்ன சொல்லப் போறாங்கன்னு காத்துக்கிட்டு இருக்கணும். அவ்வளவுதான். மணி என்னன்னுதான் கேப்பாங்க. அரை மணிக்கு ஒரு தடவை. வேற ஒண்ணும் கேக்கல.”

மங்கையின் குரல் கொஞ்சம் கட்டையாகிவிட்டது. நாற்பத்தைந்து ஆகிறதே.

உள்ளே போய் அந்தப் பக்கத்தைப் படித்தேன். முதலில் மூச்சு. பிறகு, ‘மணி என்ன?’ ஒரே தடவையில் சரியாக வந்தது. ஷாஹீனா கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள்.

ஜூலை 11, வியாழன்

இன்று ஏழு சந்தேகம் அனுப்பினேன். ‘ஒட்டன்சத்திரம்’ எப்படிச் சொல்ல வேண்டும், ‘பன்றிமலை’யில் அழுத்தம் எங்கே, ‘கச்சாயம்’ என்றால் என்ன பலகாரம், இப்படி.

இவர் தாளை எடுத்துப் பார்த்தார். “கச்சாயம் என்னன்னு உனக்குத் தெரியாதா? தீபாவளிக்கு நீதானே சுடுற?”

தொழில் என்று வந்தால் எழுதியவரிடம் கேட்டுவிடுவதுதான் முறை என்றேன். ‘சரி’ என்று தாளை மடித்துக் கொடுத்தார்.

ஜூலை 12, வெள்ளி

ஏழுக்கும் பதில் வந்தது. கச்சாயத்துக்கு மட்டும் மூன்று நிமிடம் பேசியிருக்கிறாள். அரிசியை எத்தனை மணி நேரம் ஊறவைப்பது என்பது வரை. படிக்கிறவருக்கு அதெல்லாம் தேவையில்லை. இருந்தாலும் முழுவதும் கேட்டேன்.

பதிவில் இன்று தகராறு. அக்கா வருகிற பகுதிகள். சென்னையிலிருந்து போனில் பேசுகிறாள், பிறகு இரண்டு நாள் வந்து இருந்துவிட்டுப் போகிறாள். நான்கு பக்கம் முடித்ததும் ஷாஹீனா ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கினாள்.

“மேடம், ஒண்ணு சொல்லலாமா? எல்லாரையும் நல்லா படிக்கிறீங்க. வார்டு பாய், நர்ஸ், பக்கத்துக் கட்டில் கிழவர், எல்லாரும் கண்ணுல தெரியுறாங்க. அந்த அக்கா வந்தா மட்டும் நீங்க வக்கீல் ஆயிடுறீங்க.”

“வக்கீலா?”

“‘எனக்கு நாளைக்கு வேலை இருக்கு’ன்னு அவங்க சாதாரணமா சொல்றாங்க. நீங்க அதை அப்படியே உருகி, பாவமா, மன்னிப்புக் கேக்குற மாதிரி படிக்கிறீங்க. புக்குல அப்படி இல்லையே. அவங்களுக்காக நீங்க வாதாட வேணாம். அவங்க சொன்னதை மட்டும் சொல்லுங்க. நல்லவங்களா கெட்டவங்களான்னு கேக்குறவங்க முடிவு பண்ணிக்கட்டும்.”

நான்கு பக்கத்தையும் திரும்பப் படித்தேன். இந்தமுறை தங்கையின் குரல் சிணுங்கலாக வந்துவிட்டதாம். “இப்ப இவங்களைக் கேலி பண்றீங்க,” என்றாள். மூன்றாவது முறைக்குப் பிறகு விட்டுவிட்டோம்.

இத்தனை வருட அனுபவத்தில் என்னிடம் யாரும் இப்படிச் சொன்னதில்லை. வீட்டுக்கு வந்து புளி கரைக்கும்போதுகூட எரிச்சல் தீரவில்லை.

ஜூலை 15, திங்கள்

பதினேழாவது அத்தியாயம். நேற்று மாலைதான் அதைப் படித்தேன். பக்கம் 212.

அம்மா இறந்து மூன்று மணி நேரம் ஆகிறது. ஆஸ்பத்திரி வராந்தாவில் சொந்தக்காரர்கள் நிற்கிறார்கள். அக்கா பையோடு வருகிறாள். அங்கே இப்படி இருக்கிறது:

‘இப்பவாவது வந்தியே’ என்றேன்.

‘போன் ஆஃப் ஆயிருந்துச்சு’ என்றாள் அக்கா.

அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தை இதுதான். ஆறு வருடமாக என் காதில் இருப்பது. ஒரு எழுத்துகூட மாற்றாமல் எழுதியிருக்கிறாள்.

மைக் முன்னால் அதை அன்று நான் கேட்டபடியே படித்தேன். பல்லைக் கடித்து, ‘வாவது’வில் ஒரு குத்து வைத்து. ஷாஹீனா நிறுத்தினாள்.

“இது குத்தல்னு எங்க மேடம் போட்டிருக்கு?”

“போடணுமா? வேற எப்படிச் சொல்ல முடியும்?”

“ஏன், ‘அப்பாடா, இப்பவாவது வந்தியே’ன்னு சொல்ல முடியாதா? எங்கக்கா பிரசவத்துக்கு நான் லேட்டா போனப்ப அவ அப்படித்தான் சொன்னா. என் கையைப் புடிச்சு அழுதா.”

பக்கத்தை மறுபடி பார்த்தேன். அச்சில் இரண்டும் ஒன்றுதான். வாயில் வரும்போதுதான் இரண்டாகப் பிரிகிறது. சந்தேகத் தாளில் ஷாஹீனாவே எழுதினாள், நான் எழுதவில்லை: ‘பக்கம் 212, வரி 8. கோபமா, நிம்மதியா?’

அந்த வரியை விட்டுவிட்டு அடுத்ததைப் படிக்கலாம் என்றாள். ‘போன் ஆஃப் ஆயிருந்துச்சு.’ மூன்று சொல். ஒன்பது முறை படித்தேன். ஒன்பதாவது முறைக்குப் பிறகு அவளே தயங்கித் தயங்கிச் சொன்னாள்:

“பொய் சொல்ற மாதிரியே கேக்குது மேடம். அந்த அக்கா பொய் சொல்றதா கதையில எங்கயும் வரல.”

தொண்டை சரியில்லை என்று சொல்லிவிட்டு மூன்று மணிக்கே கிளம்பிவிட்டேன். உண்மையிலேயே கொஞ்சம் கரகரப்பு இருந்தது.

ஜூலை 16, செவ்வாய்

மங்கையின் பதில். ஐம்பது வினாடி.

“அய்யய்யோ, கோபம்லாம் இல்லங்க. ராத்திரி முழுக்க தனியா இருந்தேன். அம்மாவை எப்படி ஊருக்குக் கொண்டு போறது, யார்கிட்ட என்ன சொல்றதுன்னு ஒண்ணும் புரியல. பஸ்ஸுல வந்து எறங்கி, தலையெல்லாம் கலைஞ்சு அவ வந்து நிக்கிறா. எனக்கு உயிரே வந்த மாதிரி இருந்துச்சு. அதான் அப்படிச் சொன்னேன். போன் ஆஃப் ஆனதுக்கு அவ என்ன பண்ணுவா, பாவம். அதுல கோபப்பட என்ன இருக்கு? நிம்மதின்னே படிக்கச் சொல்லுங்க.”

இன்று பதிவு வேண்டாம் என்றேன்.

ஜூலை 17, புதன்

ஆடி ஒன்று. தெருமுனைக் கோவிலில் ஸ்பீக்கர் கட்டிவிட்டார்கள். ஸ்டுடியோவுக்கு விடுமுறை. வாஷிங் மெஷின்காரர் வந்து குழாயை மாற்றிவிட்டுப் போனார். துணிகளை மடித்து வைத்தேன். மறுபடி எடுத்து மடித்தேன்.

எழுதிவிடலாம்.

போன் ஆஃப் ஆகவில்லை.

ஆறு வருடத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை, மதியம் மூன்று ஐம்பது. டப்பிங் தியேட்டர். ஒரு சீரியலில் கதாநாயகி அழுகிற காட்சி. போன் ஸ்டாண்டில் அதிர்ந்துகொண்டே இருந்தது. ‘மங்கை’ என்று தெரிந்தது. சைலண்ட்டில் போட்டேன். நான்கு மணிக்கு டீ குடிக்க வெளியே வந்தபோது மெசேஜ் பார்த்தேன். ‘அக்கா உடனே வா. டாக்டர் சொல்லிட்டார்.’

அட்மிட் செய்த முதல் வாரமும் இப்படி ‘உடனே வா’ என்றாள். அடித்துப் பிடித்து ஓடினேன். அம்மா தலையணையில் சாய்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். “நீ எதுக்கு வேலையைப் போட்டுட்டு வந்த?” என்று கேட்டாள். இரண்டு நாள் இருந்துவிட்டுத் திரும்பினேன். இதுவும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

அப்படி நினைத்தேனா? நினைக்க விரும்பினேன். புதன்கிழமை முழுவதும் எபிசோட் இருந்தது. பாதியில் விட்டுவிட்டுப் போனால் அந்தக் கதாநாயகிக்கு வேறு குரல் போட்டுவிடுவார்கள். செவ்வாய் இரவு கோயம்பேட்டிலிருந்து பஸ் பிடித்திருக்கலாம். புதன் இரவுதான் பிடித்தேன். வியாழன் காலை ஏழு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். அம்மா விடியற்காலை நாலு பத்துக்கே இறந்திருந்தாள்.

மங்கைக்கு நான் பதில்கூட அனுப்பவில்லை. என்னைப் பார்த்ததும் அவள், “இப்பவாவது வந்தியே” என்றாள். எனக்கு அது குத்தலாகத்தான் கேட்டது. வேறு எப்படிக் கேட்டிருக்கும்? வாயில் வந்ததைச் சொன்னேன். பிறகு அந்தப் பொய்யோடு அவள் பக்கத்தில் உட்கார முடியவில்லை. பால் தெளித்த அன்றே கிளம்பிவிட்டேன். அவள் கூப்பிட்டபோதெல்லாம் எடுக்கவில்லை. எல்லோர் முன்னாலும் என்னை அவமானப்படுத்தினாள் என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல அது நடந்ததாகவே ஆகிவிட்டது.

மாலை இவரிடம் சொன்னேன். பேப்பரை மடித்து வைத்தார்.

“தெரியும் புனிதா. மெசேஜ் வந்த அன்னைக்கே எங்கிட்ட சொன்னியே, நாளைக்கு ராத்திரி போறேன்னு.”

“அப்புறம் ஏன் இத்தனை வருஷமா நீங்க ஒண்ணும் சொல்லல?”

“நீ கேக்கல.”

ஜூலை 18, வியாழன்

காலையிலேயே ஸ்டுடியோவுக்குப் போனேன். சந்தேகத் தாளை எடுத்து எழுதினேன்:

‘பக்கம் 212, வரி 9. போன் ஆஃப் ஆயிருந்துச்சு. இந்த வரி உண்மை இல்லை. போன் ஆனில்தான் இருந்தது. உன் மெசேஜை அன்று நாலு மணிக்கே பார்த்துவிட்டேன். — புனிதா.’

ஷாஹீனா வாங்கிப் படித்தாள். பிறகு மறுபடி படித்தாள். ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

“இவங்க உங்க தங்கச்சியா?”

தலையாட்டினேன்.

“அந்த அக்கா நீங்களா?”

அதற்கும்.

போனைக் கையில் எடுத்தாள். “இது போச்சுன்னா அவங்க புக்கையே நிறுத்திடலாம். அவங்களுக்கு அந்த உரிமை இருக்கு. நாம இத்தனை நாள் பண்ணது எல்லாம் வீணாப் போகும். அனுப்பட்டுமா?”

“அனுப்பு.”

படம் எடுத்து அனுப்பினாள். இரண்டு நீலக் கோடு உடனே விழுந்தது.

ஜூலை 19, வெள்ளி

பதில் இல்லை. கோவிலில் கூழ்.

ஜூலை 22, திங்கள்

எழுத்தாளர் பதிவை நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டாராம். காரணம் சொல்லவில்லை. ஷாஹீனா என்னைத் திட்டவில்லை. வேறொருவர் படித்த சமையல் புத்தகத்தைத் திருத்திக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது. நாற்பது முறை ‘தாளித்து இறக்கவும்’ கேட்டுவிட்டாளாம்.

பீர்க்கங்காய் துவையல் அரைத்தேன். உப்புப் போட மறந்துவிட்டேன். இவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்.

ஜூலை 25, வியாழன்

மங்கை சனிக்கிழமை ஸ்டுடியோவுக்கு வருகிறாளாம். ஷாஹீனாவுக்குத்தான் சொல்லியிருக்கிறாள். குரோம்பேட்டையில் சிநேகிதி வீட்டில் தங்குவாளாம்.

ஜூலை 27, சனி

பத்தரைக்கு வந்தாள். முன்நெற்றியில் முடி முழுக்க நரைத்துவிட்டது. சாயம் போடுவதில்லை போலிருக்கிறது. கையில் நாவலின் ஒரு பிரதி, நடுவில் ஒரு பஸ் டிக்கெட்டை அடையாளம் வைத்திருந்தாள்.

“வாங்க,” என்றாள் என்னைப் பார்த்து, ஸ்டுடியோ அவளுடையது மாதிரி. ‘நீங்க’ என்று அவள் என்னைச் சொன்னதே கிடையாது.

ஷாஹீனா டீ சொல்லிவிட்டு வருகிறேன் என்று கீழே இறங்கப் பார்த்தாள். “நீங்க இருங்க,” என்றாள் மங்கை. “இது புக்கு விஷயம்தான்.”

நான்தான் முதலில் வாயைத் திறந்தேன். “மங்கை, நான்...”

“நான் சொல்லிர்றேன். மாதிரி அனுப்புனீங்கல்ல, அதுல முதல் வரியிலயே எனக்குத் தெரிஞ்சு போச்சு, யாருன்னு. அதனாலதான் சரின்னு சொன்னேன். படிச்சா உங்களுக்கு ஏதாவது தோணும், பேசுவீங்கன்னு நெனைச்சேன். ஒட்டன்சத்திரத்தை எப்படிச் சொல்றதுன்னு கேட்டு அனுப்புனப்ப உக்காந்து சிரிச்சேன்.” குரல் மாறவில்லை. மேசையின் விளிம்பை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தாள். “ஆறு வருஷமா நான் என்ன தப்புப் பண்ணேன்னு தேடிக்கிட்டு இருந்தேன். எந்த வார்த்தை, எந்த எடம், யார் முன்னாடி. ஒவ்வொரு நாளா எழுதிப் பாத்தேன். முந்நூறு பக்கம் போச்சு. இந்த நாவலே அதுக்குத்தான். கடைசில பாத்தா நான் ஒண்ணுமே பண்ணல.”

நான் நின்றுகொண்டிருந்தேன்.

“அந்த வரியை மாத்திரலாமா?” என்று ஷாஹீனாதான் கேட்டாள்.

“மாத்த வேணாம். எனக்கு அன்னைக்குத் தெரிஞ்சதைத்தான் எழுதியிருக்கேன். எழுத்து அப்படியே இருக்கட்டும். ஆனா இவங்க பொய் சொல்றது கேக்கணும். கதையில வர்ற தங்கச்சிக்குக் கேக்கல, கேக்குறவங்களுக்குக் கேக்கட்டும்.” என்னைப் பார்த்தாள். “முடியுமா?”

முடியும் என்றேன். உள்ளே போய் உட்கார்ந்தேன். ஷாஹீனா பதிவு விளக்கைச் சிவப்புக்கு மாற்றினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மங்கை அவளருகில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

‘இப்பவாவது வந்தியே’ என்றேன்.

நிம்மதியாக. இரவெல்லாம் தனியாக இருந்த ஒருத்தி, கூடப் பிறந்தவளைப் பார்த்ததும் சொல்வதுபோல. அதைச் சொல்லும்போதுதான் அது எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரிந்தது.

‘போன் ஆஃப் ஆயிருந்துச்சு’ என்றாள் அக்கா.

இதற்கு நான் ஒன்றும் செய்யவில்லை. உருகவில்லை, நடுங்கவில்லை. அன்று சொன்னதுபோலவே சொன்னேன். கொஞ்சம் சீக்கிரமாக, தரையைப் பார்த்து. ஷாஹீனா நிறுத்தவில்லை. எனவே அடுத்த வரிக்குப் போனேன். அன்று நாங்கள் போகாத வரி.

‘நான் நம்பினேன்.’

அதற்கும் அடுத்த வரியை ஆரம்பித்துவிட்டேன். ஸ்பீக்கரில் ‘க்ளிக்’ என்று சத்தம். மங்கை பேசும் பொத்தானை அழுத்தியிருந்தாள். ஷாஹீனா கையை எடுத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அதைத் தாண்டி ஓடிட்ட,” என்றாள் மங்கை. “அங்க நிக்கணும். நின்னு படி அக்கா.”

நின்று படித்தேன். இரண்டு முறை படிக்க வேண்டியிருந்தது. முதல் முறை குரல் உடைந்துவிட்டது. ஷாஹீனா அதை வைத்துக்கொள்ளவில்லை. “நீங்க அழுதா கேக்குறவங்க அழ மாட்டாங்க மேடம்,” என்றாள், மெதுவாக. இரண்டாவது முறை உடையவில்லை.

மூன்று மணிக்கு அத்தியாயம் முடிந்தது; நல்லவேளை, அதுவரை கோவில் ஸ்பீக்கர் ஓடவில்லை. வெளியே வந்ததும் மன்னிப்புக் கேட்டேன். மங்கை பையில் தண்ணீர் பாட்டிலைத் தேடிக்கொண்டே சொன்னாள்: “அதெல்லாம் இப்ப என்னால சொல்ல முடியாது. எனக்கு இன்னும் கோவம் இருக்கு. இப்பதான் வந்திருக்கு, புதுசா. புக்கு முடியட்டும், மொதல்ல.”

குரோம்பேட்டைக்கே போய்விட்டாள். இவர் வாசலில் காத்திருந்தார். வரவில்லை என்றேன்.

ஜூலை 29, திங்கள்

நேற்றும் இன்றும் பதிவு. கோவில் ஸ்பீக்கர் காலையில் இல்லாததால் ஏழு மணிக்கே ஆரம்பித்தோம். அன்று விட்டுவைத்த அக்காவின் நான்கு பக்கத்தையும் முடித்தோம். மங்கை இரண்டு நாளும் வந்தாள். அம்மாவின் வசனத்தில் ஓர் இடத்தில் மட்டும் திருத்தினாள். வேறு எதிலும் வாயைத் திறக்கவில்லை. இடைவேளையில் அவள் தனியாக, நான் தனியாக.

பன்னிரண்டே காலுக்குக் கடைசி வாக்கியம் முடிந்தது.

எழுந்திருக்கப் போனேன். “உக்காருங்க மேடம், ரூம் டோன் எடுக்கணும்,” என்றாள் ஷாஹீனா. அது எப்போதும் உண்டு. யாரும் பேசாமல் ஒரு நிமிடம் அறையை மட்டும் பதிவு செய்வது. வரிகளுக்கு நடுவே வெட்டி ஒட்டும்போது அந்த இடைவெளியில் இதை வைப்பார்கள். மௌனம் என்றாலும் அந்த அறையின் மௌனமாக இருக்க வேண்டும்.

மங்கைக்கு அது புதிது. உள்ளே வந்து பார்க்கலாமா என்று கேட்டாள். வரலாம், அசையக் கூடாது என்றாள் ஷாஹீனா. மங்கை செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். இருந்தது ஒரு ஸ்டூல்தான், என் நாற்காலியை ஒட்டி. அதில் உட்கார்ந்தாள். எங்கள் முழங்கை இடித்தது. நகர்ந்தால் சத்தம் வரும். இருவருமே நகரவில்லை.

விளக்கு சிவப்பானது. அவள் மூச்சு எனக்குக் கேட்டது.

நாற்பது வினாடி போயிருக்கும். மங்கையின் வயிறு இரைந்தது. நன்றாக, நீளமாக.

“யாரது?” என்றாள் ஷாஹீனா ஸ்பீக்கரில்.

மங்கை பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கினாள். “காலைல சாப்பிடல,” என்றாள். அவள் உதடு கொஞ்சம் கோணியது. நான் அவள் பக்கம் திரும்பாமல் மைக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பியிருந்தால் சிரித்திருப்பேன், அல்லது வேறு ஏதாவது ஆகியிருக்கும்.

“இன்னொரு தடவை எடுக்கலாம்,” என்றாள் ஷாஹீனா. “ஒரு நிமிஷம், ரெண்டு பேரும் அப்படியே இருங்க.”

இருந்தோம்.